ஐந்தரையை எங்கே கூட்டுவது?

போன இதழில் பேக்கப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அதற்கு வந்தது இரண்டே கடிதம். அதில் போகிற போக்கில் "உங்கள் டேட்டாபேஸில் தேதி எப்படிக் கிடக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்குத்தான் கட்டுக்கட்டாக. திறந்து பார்த்தவர்கள் எல்லாரும் பயந்துபோயிருக்கிறீர்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே.

எங்கள் பனியன் கம்பெனிக்கு நானே ஆர்டர் சாஃப்ட்வேர் எழுதினேன். ஷிப்மென்ட் தேதி ஆகஸ்ட் 15 என்று தேர்ந்தெடுத்தால் ஆகஸ்ட் 14 என்று பதிகிறது. வேறொரு பக்கத்தில் தட்டச்சு செய்து கொடுத்தால் மட்டும் சரியாக இருக்கிறது. பைத்தியம் பிடிக்கிறது. — வாசகர், திருப்பூர்

அந்தத் தேதி சர்வருக்கு வந்து சேரும்போது அதன் வாலில் என்ன நேரம் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். 18:30:00. சரிதானே? ஜோசியம் இல்லை. இந்தியாவில் எழுதிய சாஃப்ட்வேரில் 18:30 என்று கண்டால், பிறவியிலேயே வந்த மச்சம் மாதிரி, ஆளை அடையாளம் சொல்லிவிடலாம்.

நடப்பது இது. காலண்டரில் நீங்கள் 15-ஐத் தொட்டதும் ஜாவாஸ்கிரிப்ட் அதை வெறும் தேதியாக வைத்துக்கொள்வதில்லை. நம் ஊர் நேரப்படி 15-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி என்கிற ஒரு கணமாக ஆக்கிவிடுகிறது. அதை ஜேசன் என்ற எழுத்து வடிவமாக்கி சர்வருக்கு அனுப்பும்போது யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு மாற்றுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால் 14-ஆம் தேதி மாலை 18:30. சர்வரில் உட்கார்ந்திருக்கும் உங்கள் புரோகிராம் கோடு, நேரத்தை வெட்டி எறிந்துவிட்டுத் தேதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 14.

தட்டச்சு செய்த பக்கம் சரியாக வருவதற்குக் காரணம் இன்னும் வேடிக்கை. 2025-08-15 என்று வெறும் எழுத்தாகக் கொடுத்தால், அதே ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கிறது. கூடவே 00:00 என்று நேரத்தையும் ஒட்டிக் கொடுத்தால், உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே மொழி, இரண்டு நாக்கு. நீங்கள் "சரி" என்று நினைக்கும் அந்தப் பக்கத்தை நியூயார்க்கில் இருக்கும் பையர் திறந்தால் அவருக்கு 14 என்றுதான் தெரியும். கிழக்கே இருப்பதால் நீங்கள் தப்பித்தீர்கள், அவ்வளவுதான்.

ஷிப்மென்ட் தேதி ஒரு கணமே இல்லை. அது காலண்டரில் ஒரு கட்டம். பிறந்த தேதி, இன்வாய்ஸ் தேதி, தீபாவளி விடுமுறை எல்லாம் இந்த ஜாதிதான். டேட்டாபேஸில் வெறும் டேட் என்கிற வகையில் வையுங்கள். ஸ்கிரீனிலிருந்து டேபிள் வரை 2025-08-15 என்ற எழுத்தாகவே கொண்டுபோங்கள். நடுவில் எந்த இடத்திலும் அதை நேரமாக மாறவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: ஐந்தரையைக் கூட்டுவது. நான் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு ஒரு ஆஸ்பத்திரிக்கு அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர் எழுதினோம். நேரமெல்லாம் யூடிசியில். காலை 10 மணி என்பது 4:30 என்று கிடந்தது. நான் டேட்டாபேஸிடம் கேட்கும் குவெரியிலேயே ஐந்தரையைக் கூட்டிவிட்டேன். அது தெரியாமல், ஸ்கிரீன் எழுதிய நண்பர் தன் பங்குக்கு ஒரு ஐந்தரை கூட்டினார். அந்த ஸ்கிரீனிலிருந்து சீட்டு பிரின்ட் எடுக்கும் பகுதியை எழுதியவர் மூன்றாவது ஐந்தரையைக் கூட்டினார். மூவருமே அவரவர் பங்கைத் தனியாகச் சோதித்து, "இப்போது சரி" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். மூன்றையும் சேர்த்து ஏற்றிய அன்று, சீட்டில் இரவு 9 மணி என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் அந்த நேரத்துக்கே வந்து, பூட்டிய ஓ.பி. கதவுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேன் போன் பண்ணித்தான் எங்களுக்கு விஷயம் தெரியும்.

அன்றிலிருந்து எந்த கோடைக் கையில் வாங்கினாலும் முதலில் மூன்று எண்களைத் தேடுவேன்: 5:30, 330, 19800. மணியாக, நிமிடமாக, விநாடியாக, எல்லாம் ஒரே ஐந்தரைதான். எத்தனை இடத்தில் கிடைக்கிறதோ அத்தனை இடத்திலும் ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மாற்றுவதை ஒரே இடத்தில், மனிதக் கண்ணுக்குக் காட்டும் கடைசி இடத்தில் செய்யுங்கள். அங்கேயும் எண்ணைக் கூட்டாமல் "ஏசியா/கொல்கத்தா" என்று டைம்சோன் பெயரைக் கொடுத்து, நேரக் கணக்கை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் லைப்ரரியிடம் விட்டுவிடுங்கள்.

"எல்லாவற்றையும் யூடிசியில் சேமி" என்றுதான் எங்கும் படித்தேன், அப்படியே செய்தேன். அம்மா நியூ ஜெர்சி பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வீணை சொல்லித் தருகிறார். அவருக்காக நான் எழுதிய சின்ன ஆப்பில் நவம்பர் மாதம் வகுப்பு நேரம் குழம்பிப் பெற்றோர்கள் சத்தம் போட்டுவிட்டார்கள். யூடிசி தவறா? — வாசகி, சென்னை

யூடிசி தவறில்லை. "எல்லாவற்றையும்" என்பதுதான் தவறு.

நடந்து முடிந்ததை யூடிசியில் வையுங்கள். பணம் வந்த நேரம், லாகின் ஆன நேரம், பில் போட்ட நேரம். அது ஒரு கணம், முடிந்துபோனது, இனி எந்த அரசாங்கம் என்ன சட்டம் போட்டாலும் மாறாது. இனி நடக்கப்போவது வேறு. அது இரண்டு மனிதர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பேசிக்கொண்ட பேச்சு.

அம்மாவின் வகுப்பு நமக்குச் சனிக்கிழமை காலை 6:30 என்று வைத்துக்கொள்வோம். யூடிசியில் 1:00. நியூ ஜெர்சியில் கோடைக்காலத்தில் அது வெள்ளி இரவு 9 மணி. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். நீங்கள் 1:00 என்று எழுதி வைத்திருப்பதால் அம்மாவுக்கு 6:30 அப்படியே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது 8 மணி ஆகிவிடுகிறது. அந்த வீட்டில் அப்போதுதான் சாப்பாட்டுத் தட்டு போட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கு 9 மணிதான் என்று பிடித்து வைத்தால் அம்மாவுக்கு 7:30. அந்த நேரத்துக்கு அவருக்கு வேறொரு மாணவி இருக்கலாம், பால்காரர் கணக்கு இருக்கலாம்.

எது சரி? இதைக் கம்ப்யூட்டரிடம் கேட்க முடியாது, அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். "யாருடைய கடிகாரத்துக்கு யார் வளைவது?" அவர் சொல்வதை அப்படியே மூன்று துண்டாகச் சேமியுங்கள்: கிழமை, சுவர்க் கடிகார நேரம், ஊரின் டைம்சோன் பெயர். "வெள்ளி, 21:00, அமெரிக்கா/நியூயார்க்" அல்லது "சனி, 6:30, ஏசியா/கொல்கத்தா". ஒவ்வொரு வார வகுப்புக்கும் யூடிசியை அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம். யூடிசியிலிருந்து மைனஸ் 4 என்று வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்காதீர்கள். மைனஸ் 4 அன்றைய விடை, அவ்வளவே. விதி பெயரில்தான் இருக்கிறது.

லண்டனில் ஒரு மாணவி சேர்ந்தால் இன்னும் ஜோர். அவர்கள் திருப்புவது அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்னால். மார்ச்சில் அமெரிக்கா இரண்டாவது ஞாயிறே முந்திக்கொள்ளும், லண்டன் கடைசி ஞாயிறு. நடுவில் இரண்டு மூன்று வாரம் மூன்று ஊரும் மூன்று கணக்கு. அந்த வாரங்களை ஆப்பில் சிவப்பு நிறத்தில் காட்டுங்கள், அம்மா உங்களை வாழ்த்துவார்.

பெயரைச் சேமிப்பதற்கு இன்னொரு காரணம், அரசாங்கங்கள். 2023 மார்ச்சில் லெபனான் கடிகாரத்தை முன்னால் திருப்ப வேண்டிய இரவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு, "ரம்ஜான் முடியட்டும், ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அறிவித்தது. அங்குள்ள மாரோனைட் கிறிஸ்தவத் திருச்சபையும் சில டிவி சேனல்களும் முடியாது என்று பழைய திட்டப்படியே திருப்பிவிட்டார்கள். சில நாள் ஒரே நாட்டில் இரண்டு நேரம். அப்புறம் அரசாங்கமே பின்வாங்கி 29-ஆம் தேதி இரவு திருப்பியது. 2018-இல் மொராக்கோவும் இரண்டே நாள் முன்பு சொல்லித்தான் விதியை மாற்றியது. இந்தக் கூத்தையெல்லாம் உட்கார்ந்து குறித்துவைக்க ஒரு டேட்டாபேஸ் இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980-களில் தொடங்கியது, பால் எகர்ட் நெடுங்காலமாகப் பராமரிப்பது. உங்கள் போனும் லினக்ஸ் சர்வரும் அதைத்தான் பார்த்து நடக்கின்றன. டைம்சோன் பெயரைச் சேமித்திருந்தால் அதை அப்டேட் செய்தாலே போதும். யூடிசியாக முன்கூட்டியே மாற்றி வைத்திருந்தால், எந்த வரிசையை எந்த விதிப்படி மாற்றினோம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் பால் கடைக்கு பில்லிங் ஆப் போட்டோம். மாதக் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது, தினக் கணக்கு மட்டும் அப்பாவின் நோட்டோடு ஒத்துவரவே இல்லை. அப்பா நோட்டைத்தான் நம்புகிறார். — வாசகர், மதுரை

அப்பா சொல்வதுதான் சரி. கடையை நான்கு மணிக்குத் திறப்பீர்கள் என்று நினைக்கிறேன். யூடிசியில் தேதி மாறுவது நமக்கு விடிகாலை 5:30-க்கு. நான்கிலிருந்து ஐந்தரை வரை, டீக்கடைக்காரர்கள் மொத்தமாக வாங்கிப்போகும் அந்த ஒன்றரை மணி நேர விற்பனை முழுக்க முந்தின நாள் கணக்கில் விழுகிறது. மாதத்தில் இரண்டு ஓரம் மட்டும் பிசகுவதால் அது கண்ணில் படவில்லை.

சேமித்ததை மாற்ற வேண்டாம். ரிப்போர்ட்டில் "இன்று" என்பதற்கு எல்லை போடுங்கள். நம் நள்ளிரவு 12-ஐ யூடிசியாக மாற்றி, அதிலிருந்து, மறுநாள் நள்ளிரவின் யூடிசிக்கு முன்பு வரை. மறுநாள் என்பதை 24 மணி நேரம் கூட்டிக் கண்டுபிடிக்காமல், தேதியில் ஒன்று கூட்டிக் கண்டுபிடியுங்கள். நமக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் கடிகாரம் திருப்பும் ஊர்களில் வருடத்தில் ஒரு நாளுக்கு 23 மணி நேரம், ஒரு நாளுக்கு 25. சமோவாவில் 2011 டிசம்பர் 30 என்று ஒரு நாளே கிடையாது. தேதிக்கோட்டின் இந்தப் பக்கம் தாவுவதற்காக 29-இலிருந்து நேரே 31-க்குப் போய்விட்டார்கள். 23:59:59 என்று எல்லை எழுதும் பழக்கத்தையும் விடுங்கள், கடைசி விநாடியில் வந்த பில் அனாதையாகிவிடும்.

பைத்தானில் ஏசியா/கொல்கத்தா கொடுத்தால் 5:30-க்குப் பதில் 5:53 என்று வருகிறது. அந்த 23 நிமிடம் எங்கிருந்து வருகிறது? — கல்லூரி மாணவர், கோவை

பழைய கல்கத்தாவிலிருந்து. அந்த ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதை வைத்துக் கணக்கிட்ட நேரம் அது. பைடிஇசட் என்ற பழைய லைப்ரரியைப் பயன்படுத்துகிறீர்கள். அதில் டைம்சோனை நேராக ஒட்டினால், அந்த ஊர்ச் சரித்திரத்தின் முதல் வரியை எடுத்துக்கொண்டுவிடும். லோக்கலைஸ் என்று அதற்கென்று ஒரு வழி இருக்கிறது. அதைவிட நல்லது, பைத்தான் 3.9 முதல் கூடவே வரும் ஜோன்இன்ஃபோவுக்கு மாறுவது.

கேட்டதற்குக் கூடுதலாக ஒன்று. நம் சென்னைக்கும் தனி நேரம் இருந்தது: 5 மணி 21 நிமிடம். பம்பாய் நேரமும் கல்கத்தா நேரமும் ஒன்றுக்கொன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருந்ததால், இடையில் இருந்த மெட்ராஸ் நேரத்தில்தான் நாடு முழுக்க ரயில் ஓடியது. நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வகத்தின் கடிகாரம்தான் அளவு. 1906 ஜனவரி 1-இல் ஐந்தரை வந்தது. அப்போதும் பம்பாய் ஒத்துக்கொள்ளாமல் 1955 வரை தன் நேரத்தை வைத்துக்கொண்டிருந்தது. டைம்சோன் பிரச்சினை கம்ப்யூட்டரோடு பிறந்தது என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

வீட்டுக் கடன் சாஃப்ட்வேரில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் பயன்படுத்துகிறோம். டேட்டைமா, டைம்ஸ்டாம்ப்பா? — வாசகர், சேலம்

தவணைத் தேதிக்கு இரண்டும் வேண்டாம், வெறும் டேட். பணம் வந்து சேர்ந்த கணத்துக்கு மட்டும்தான் இந்தக் கேள்வியே. டைம்ஸ்டாம்ப் உள்ளே யூடிசியாக மாற்றி வைக்கும், எடுக்கும்போது உங்கள் இணைப்பின் டைம்சோனுக்கு மாற்றித் தரும். டேட்டைம் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும், எந்த ஊர் நேரம் என்று கேட்காது. ஆனால் டைம்ஸ்டாம்ப்புக்கு ஆயுள் குறைவு. 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44-க்கு மேல் அதில் எழுத முடியாது. இன்று வாங்கும் 20 வருடக் கடன் அதைத் தாண்டிப் போகிறது. நானாக இருந்தால் டேட்டைம் எடுத்து, காலத்தின் பெயரிலேயே யூடிசி என்று சேர்த்து எழுதுவேன். நேரம் என்கிற காலத்தைச் சொல்லவில்லை, டேபிளில் மேலிருந்து கீழே ஓடும் காலம்.

லாக் ஃபைலில் நேரத்துக்குப் பின்னால் ஐஎஸ்டி என்று எழுதினால் போதாதா? — வாசகர், ஓசூர்

இஸ்ரேலும் அயர்லாந்தும் அதே மூன்று எழுத்தைத்தான் வைத்திருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிடம் எதுவும் மாற்றிச் சொல்லாமல் ஐஎஸ்டி என்று கொடுத்துப் பாருங்கள், இஸ்ரேல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். மூன்றரை மணி நேரம் போச்சு. +05:30 என்று எழுதுங்கள்.

நான் 2001இல் வன்னியில் பிறந்தவன். சாதகம் பார்க்கும் செயலிகள் இரண்டில் பிறந்த நேரத்தைக் கொடுத்தால் இரண்டும் வேறு வேறு லக்கினம் காட்டுகின்றன. நானும் மென்பொருள் எழுதுபவன்தான், எங்கே பிழை என்று விளங்கவில்லை. — வாசகர், கிளிநொச்சி

சாதகம் எனக்குத் தெரியாது, கடிகாரம் கொஞ்சம் தெரியும். மின்தட்டுப்பாட்டை முன்னிட்டு இலங்கை 1996 மே 25-இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, யூடிசியோடு இருந்த வித்தியாசத்தை 6:30 ஆக்கியது. அதே வருடம் அக்டோபர் 26-இல் அரை மணி நேரம் பின்வாங்கி 6:00. 2006 ஏப்ரல் 15-இல் மீண்டும் ஐந்தரை. ஏசியா/கொழும்பு என்ற பெயருக்குள் இந்த மூன்றும் இருக்கின்றன. உங்கள் இரண்டு செயலிகளில் ஒன்று அதைப் பார்த்து 6:00 என்று எடுத்திருக்கும். இன்னொன்று இன்றைய ஐந்தரையை அப்படியே 2001-க்கும் போட்டிருக்கும்.

முதல் செயலிதான் ஒழுங்காக எழுதியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டாவது சொல்வது சரியாக இருக்கலாம். ஏனென்றால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்த நேர மாற்றத்தை ஏற்கவே இல்லை, பழைய ஐந்தரையிலேயே இருந்தன. அந்த டேட்டாபேஸில் வன்னிக்குத் தனிப் பெயர் கிடையாது. எந்த லைப்ரரியாலும் இதைச் சொல்ல முடியாது. அம்மாவையோ, பிரசவம் பார்த்த மருத்துவிச்சி இருந்தால் அவரையோ கேளுங்கள்: அன்று அறையில் இருந்தது எந்தக் கடிகாரம்?

நீங்களே இப்படி ஒரு செயலி எழுதினால், யூடிசியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடாதீர்கள். சொன்ன நேரம், ஊர், நீங்கள் எடுத்துக்கொண்ட வித்தியாசம், அதை ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரி. சிங்கப்பூரில் 1946 முதல் 1981 வரை பிறந்தவர்களுக்கு 8 இல்லை, 7:30. இந்தியாவிலும் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை போர்க்கால நேரம் என்று 6:30 ஓடியது. அந்த வருடங்களில் பிறந்த தாத்தா பாட்டிகளின் ஜாதகத்தில் ஒரு மணி நேரம் எங்கே போனது என்று தேடுகிறவர்கள் இன்றும் எனக்கு எழுதுகிறார்கள்.

ஜவுளிக்கடை டேட்டா, நான்கு வருடத்தது. ஒரு கட்டம் வரை இந்திய நேரம், அதற்கப்புறம் யூடிசி. முன்பு இருந்தவர் சர்வரை மாற்றும்போது எதையும் எழுதி வைக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா? — வாசகி, நாகர்கோவில்

ஐயோ, வேண்டாம். கடை எப்போது திறந்து எப்போது மூடும்? காலை 9:30, இரவு 9:30 என்று வைத்துக்கொண்டால், யூடிசியில் பதிந்த பில்கள் 4:00-இலிருந்து 16:00 வரை விழும். மணிவாரியாக எண்ணிப் பாருங்கள். விடிகாலை 5 மணிக்குப் புடவை வாங்க யாரும் வருவதில்லை, அது யூடிசி. 20 மணி பில் இந்திய நேரம். நடுவில் இருப்பவை இரண்டாகவும் இருக்கலாம், அங்கேதான் பில் நம்பர் உதவும். நம்பர் வரிசையில் இறங்கிக்கொண்டே வாருங்கள். 4512-ஆம் பில் 17:10, அடுத்த 4513-ஆம் பில் 11:41 என்று ஒரு இடத்தில் கடிகாரம் பின்னால் தாவும். 11:41-உடன் ஐந்தரை சேர்ந்தால் 17:11. (சரி, ஆராய்ச்சிக்கு மட்டும் ஐந்தரையைக் கூட்டிக்கொள்ளலாம்.) அதுதான் சர்வர் மாறிய இடம். அப்படி ஒன்றுக்கு மேல் இருக்கிறதா என்று கடைசிவரை பார்த்துவிடுங்கள், சிலர் மாற்றிவிட்டுப் பயந்து திரும்ப மாற்றியிருப்பார்கள்.

டேபிளில் பழைய நேரம் இருக்கும் காலத்தைத் தொடாதீர்கள். பக்கத்தில் புதுக் காலம் ஒன்று சேர்த்து, 4512 வரை ஐந்தரையைக் கழித்தும் அதற்குமேல் அப்படியேயும் நிரப்புங்கள். அதற்கு முன் கல்லாப்பெட்டிக்குக் கீழே பழைய பில் புத்தகம் கிடக்கிறதா என்று தேடுங்கள். 4513-இன் நகலில் 17:11 என்று அச்சாகியிருந்தால் ஓட்டிவிடலாம்.